கூத்தில் செத்தவனுக்கு ஒரு கொடி

எங்கள் ஷின்தராவின் ஆப்பிள் நல்ல ஆப்பிள்தான். ஆனால் நாங்கள் சொல்லிக்கொள்கிற அளவுக்கு நல்லதல்ல. காபூல் சந்தையில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் தராசைப் பிடித்துக்கொண்டு பேசுவதைக் கேட்டால், ஆதமைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றியதே எங்கள் தோட்டத்துப் பழம்தான் என்று நினைத்துவிடுவீர்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாம் ஆப்பிளில்தான் தொடங்கியது. புரட்சி, ஜிஹாத் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவை.

நீங்கள் கட்சிப் பத்திரிகைக்காக வந்திருக்கிறீர்கள், தம்பி. பெஷாவரிலிருந்து இந்த அகதி முகாம் வரை தூசியைத் தின்றுகொண்டு வந்து, ஷின்தரா மில் தாக்குதலுக்குத் திட்டம் போட்டது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். மற்றவர்கள் உயிரோடு இல்லாததால் இதில் போட்டிக்கு ஆளில்லை. நீங்கள் கேட்டபடியே எழுதித் தருகிறேன். வாத்தியார் கையெழுத்து, படிக்கச் சிரமம் இருக்காது.

எங்கள் ஊரிலிருந்து காபூலுக்கு ஒரே பாதை. அது ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு மேடு. ரஷ்யர்கள் வந்த மறு வருடம் அரசாங்கம் அந்த மேட்டில் ஒரு மண்கோட்டையைக் கட்டி, கேப்டன் ரஸூல்தாதையும் அவருக்குக் கீழே கொஞ்சம் சிப்பாய்களையும் உட்கார வைத்தது. சிப்பாய்கள் என்றால் காபூலில் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டோடு நின்றவர்களை லாரியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தின் முடிவு என்ன என்பதுதான் பெரிய கவலை. கேப்டன் கண்ணாடி போட்டவர், பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவர். தேளுக்கும் மேலதிகாரிகளுக்கும் பயப்படுவார். எங்களுக்கு அவ்வளவாகப் பயப்படமாட்டார்.

எங்கள் பக்கத்துக் கமாண்டர் ஜந்தாத். ஊரிலேயே பெரிய தோட்டம் அவருடையது. பெஷாவரில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தால்தான் துப்பாக்கி கிடைக்கும் என்று ஆனபோது, அவர் சேராவிட்டால் அவருடைய சித்தப்பா மகன் சேர்ந்துவிடுவான் என்பதால் சேர்ந்தார். வீரம் என்பது எங்கள் பக்கம் பெரும்பாலும் பங்காளிகளால் வருவது.

ஜந்தாதுக்கு ஆப்பிள் சந்தைக்குப் போக வேண்டும். பாதை கேப்டனிடம் இருந்தது. கேப்டனுக்குக் கழுத்து உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். கத்தி ஜந்தாதிடம் இருந்தது. இரண்டு புத்திசாலிகள் இப்படி எதிரெதிரே இருந்தால் நடுவே போய்வர ஓர் ஆள் தேவைப்படும். அது நான். அரசாங்கம் கட்டிய பள்ளிக்கூடம் காபிர்களின் பள்ளிக்கூடம் என்று நம்மவர்களே அதை எரித்துவிட்டார்கள். ஆனால் காபூலின் கணக்கில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டுதான் இருந்தது. இல்லாத பள்ளிக்கூடத்தின் சம்பளத்தை வாங்க நான் கோட்டைக்குப் போய்வருவேன். ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். சம்பளம் வாங்கப் போகிறவனை எந்தக் கட்சிக்காரனும் தடுப்பதில்லை.

ஒப்பந்தம் எளிமையானது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் பிற்பகல் தொழுகை முடிந்ததும் சண்டை. ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையைக் கோட்டை சுட வேண்டும். கோட்டைக்குக் கீழே ஓடைக்கரையில் பாழாய்க் கிடக்கும் பழைய மாவு மில்லை நாங்கள் சுட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு இடத்திலும் ஆள் நடமாட்டம் கூடாது. ஊரில் சாவு விழுந்தால் அன்று சண்டை கிடையாது. ஒருமுறை கேப்டன் மதியத் தூக்கத்தில் ஆழ்ந்துவிட்டார். கோட்டையிலிருந்து ஒரு வெடிகூட இல்லை. ஜந்தாத் என்னைக் கூப்பிட்டார்.

"போய்ச் சொல்லுங்க வாத்தியாரே, அந்தக் கண்ணாடிக்காரன்கிட்ட. எனக்கு மாடு கறக்கணும். சண்டை போடறவன் நேரத்துக்குப் போடணும். இல்லேன்னா இன்னிக்குக் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லி அனுப்பணும். மனுஷன் எவ்வளவு நேரம் மண்ணுல குப்புறப் படுத்துக் கிடக்கறது?"

கேப்டன் மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி தோட்டா கொடுத்தனுப்பினார். தோட்டாவும் அங்கிருந்துதான் வரும். கோட்டைக்கு வருகிற தோட்டாவில் பாதி, ஆட்டுக்கும் உலர்ந்த மல்பெரிக்கும் மாற்றாக எங்களிடம் வரும். அதை நாங்கள் மில்லை நோக்கிச் சுடுவோம். அரசாங்கத்துத் தோட்டா அரசாங்கத்தின் காலடியிலேயே போய் விழும். இடையில் ஓர் ஆடு மட்டும் குறைந்திருக்கும்.

காபூலுக்குப் போன அறிக்கைகளின்படி எங்கள் ஊரில் எல்லோரும் குறைந்தது இரண்டு முறை செத்திருந்தோம். பெஷாவருக்குப் போன அறிக்கைகளின்படி கேப்டனிடம் ஒரு சிப்பாய்கூட மிச்சமில்லை. உங்கள் பத்திரிகையிலும் வந்தது, தம்பி. அதை எழுதியது நீங்களாகக்கூட இருக்கலாம். நல்ல நடை.

மேலிடத்திலிருந்து யாராவது கோட்டைக்கு வந்தால் மதிலில் ஒரு சிவப்புப் போர்வையைக் காயப் போடுவார்கள். அதைப் பார்த்தால் நாங்கள் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட வேண்டும். இந்தப் போர்வை நாள்களுக்காகத்தான் என் மகன் ஒரு வேலை கண்டுபிடித்தான். பரியாலை என்பது அவன் பெயர்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. படிப்பு ஏறவில்லை. ஆனால் யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவான். முல்லா கமர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓதுவதை, ஜந்தாத் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குதிரை ஏறுவதை, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கவிதை சொல்வதை. என்னைச் செய்துகாட்டியபோது நான் அவனை அறைந்தேன், அச்சாக இருந்தது. போர்வை நாளில் அவன் மொட்டைப் பாறைக்குப் பின்னால் போய்ச் சாணிவறட்டியில் டீசல் ஊற்றிக் கொளுத்துவான். கோட்டையின் மெஷின்கன் பாறையின் கிழக்குத் தோளைச் சுடும். இவன் மேற்குப் பக்கமாகப் புகைக்குள்ளிருந்து எழும்பி, கைகளை விரித்து, மூன்று சுற்றுச் சுற்றி, ஓடைக்கரை வரை கேட்கும்படி அலறி விழுவான். கோட்டையில் வந்திருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து, ஓர் எதிரி ஒழிந்தான் என்று எழுதிக்கொள்வார். அந்தக் கோடையில் அவன் எத்தனை முறை செத்தான் என்பதை எண்ணுவதை நானே விட்டுவிட்டேன். அவன் சாவுகளால் கேப்டனுக்கு ஒரு பதக்கம்கூடக் கிடைத்தது. அதை அவனுக்கே கொடுத்தனுப்பினார். அவன் அதைக் கழுதையின் கழுத்தில் கட்டினான்.

அவன் அம்மா பக்தவராவுக்கு இது பிடிக்கவில்லை.

"சாவை வெச்சு விளையாடாதடா. அது காது கேட்கற கழுதை. கூப்பிட்டா வந்துரும்."

"வரட்டும்மா. வந்தா உன் கையால ஒரு கிண்ணம் மோர் குடு. குடிச்சுட்டு, இவனையா கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன்னு ஓடிரும்."

ஒரு போர்வை நாளில் வந்தவர் கல்வி இலாகா ஆய்வாளர். பாதுகாப்புக்கு ஒரு ராணுவ அதிகாரியும் கூட வந்திருந்தார். பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக நான் கோட்டைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். ஆய்வாளர் பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர், கவிதைப் பித்து. கேப்டன் என்னை இந்தப் பள்ளத்தாக்கின் கவிஞர் என்று அறிமுகம் செய்துவைத்தார். பனி உருகி ஓடை வருவதைப் பற்றி நான் எழுதிய ஈரடி ஒன்றைச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். என் வாழ்நாளில் யாரும் என்னை ஒரு வரியைத் திரும்பச் சொல்லும்படி கேட்டதில்லை. திரும்பச் சொன்னேன். பிறகு வேறொன்று. பிறகு இன்னொன்று.

அதற்குள் சண்டை நேரம் வந்துவிட்டது. எல்லோரும் மதிலுக்குப் போனோம். பாறைக்குப் பின்னால் புகை எழுந்தது. மெஷின்கன் சுட்டது. ஆய்வாளர் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியை மரியாதையோடு என்னிடம் நீட்டினார். பரியாலை புகையிலிருந்து எழும்பினான். இந்த முறை சுற்றவில்லை. அலறவுமில்லை. கைகூட விரியவில்லை. எதையோ தேடுகிறவன் மாதிரி ஒரு கணம் நின்றான், மடங்கி உட்கார்ந்தான், பக்கவாட்டில் சாய்ந்தான்.

சிப்பாய்கள் கை தட்டினார்கள். கேப்டன் என் காதருகே குனிந்தார்.

"இன்னிக்குத்தான் வாத்தியார் சாகிப், உங்க மகனுக்கு நடிப்பு கைவந்திருக்கு. இதுக்கு முன்னாடியெல்லாம் கொஞ்சம் மிகை."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குறைத்துச் சொல்வதுதான் கலை என்று நான் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கடைசியில் காதில் ஏறியிருக்கிறது என்று சந்தோஷமாகச் சிரித்தேன். இன்னொரு கோப்பை தேநீர் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள். நான் ஓடையைத் தாண்டிய பிறகுதான், அவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் இறக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். முன்னால் வந்தவன் இன்னும் சிரிப்பை முடித்திருக்கவில்லை. அவர்களும் வெகுநேரம் அதை நடிப்பென்றே நினைத்திருந்தார்கள்.

சண்டையில் எதிரி கையால் செத்தவனைக் குளிப்பாட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரத்தம் ஊறிய உடுப்போடு அப்படியே அடக்கம் செய்ய வேண்டும். அவன் ஷஹீது, ரத்தமே அவனுக்குச் சுத்தம். கபர் மேல் நீளக் கழி நட்டுக் கொடி கட்ட வேண்டும். மற்றவர்களைக் குளிப்பாட்ட வேண்டும். ஆகவே மறுநாள் காலையில் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, என் மகனுக்குத் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்று பேசினோம். முல்லா கமர் தாடியைச் சொறிந்துகொண்டே சட்டத்தைச் சொன்னார்.

"ஷஹீதுன்னா சண்டை இருக்கணும், வாத்தியாரே. எதிரி இருக்கணும். இங்க ரெண்டும் இல்ல. கை தவறிப் பட்ட குண்டு. நஷ்ட ஈடு குடுத்துத் தீர்க்கற விஷயம். கிதாபுல இருக்கறதைத்தான் நான் சொல்றேன்."

"முல்லா சாகிப் சொல்றது சரிதான்," என்றார் ஜந்தாத். அவர் உண்மையாகவே அழுதிருந்தார், கண் வீங்கியிருந்தது. "ஷஹீதுன்னு சொன்னா நான் நாளைக்கே பழி வாங்கணும். வாங்கலேன்னா ஆம்பளை இல்லேன்னுவான் என் சித்தப்பன் மகன். பழி வாங்கினா பாதை போச்சு. ஆப்பிள் இன்னும் காயா இருக்கு, வாத்தியாரே. ஊரையும் பாருங்க."

சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. நான் சரி என்றேன். குளிப்பாட்டினோம். தண்ணீர் முதலில் சிவப்பாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் பிறகு வெறும் தண்ணீராகவும் போனது. முழங்கையில் டீசல் கறை போகவில்லை.

மூன்றாம் நாள் கேப்டன் வந்தார். தொப்பி இல்லை, இடுப்பில் துப்பாக்கி இல்லை, கூட ஓர் ஆடும் இரண்டு தாடி நரைத்த பெரியவர்களும். எங்கள் வழக்கத்தில், கொன்றவன் இப்படி வாசலில் வந்து நின்றுவிட்டால் உள்ளே கூப்பிடத்தான் வேண்டும், மன்னிக்கத்தான் வேண்டும். கேப்டன் காபூல்காரர். இந்த வழக்கத்தை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னித்தேன். ஆட்டை அறுத்து ஊரே சாப்பிட்டது. நல்ல ஆடு, நாங்கள் தோட்டாவுக்காகக் கொடுத்த ஆடுகளில் ஒன்று. காதில் ஜந்தாதின் குறி இருந்தது. நாலு நாள் இடைவெளி விட்டுச் சண்டை மறுபடியும் தொடங்கியது.

நான் எந்தக் கோபத்திலும் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் எழுத வேண்டும். எல்லோரும் என்னிடம் நியாயமாகவே நடந்துகொண்டார்கள்.

பக்தவரா அழவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி தட்டும்போது, ஆட்டுக்குத் தழை போடும்போது, நான் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது.

"பரியாலை அப்பா, கொடி எப்ப கட்டுவீங்க?"

முல்லா சொன்னதை எடுத்துச் சொன்னேன். கிதாபைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மறுபடியும் கேட்டாள். பிறகு ஒருநாள் ஓடையில் தண்ணீர் முறைக்காகச் சண்டை வந்தது. கஸ்னிப் பாதையில் நடந்த நிஜமான சண்டையில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி இவளைப் பார்த்து, "எம்புள்ள ரஷ்யாக்காரன் டாங்கிக்கு முன்னாடி நின்னு செத்தான்டி. உம்புள்ள மாதிரி கூத்தாடிச் சாகல" என்றாள். பக்தவரா காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஊரில் என் மகனுக்குப் பெயர் வந்துவிட்டது: கூத்தில் செத்தவன். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. அடையாளத்துக்குச் சொன்னார்கள். "எந்தத் தோட்டம்? கூத்தில் செத்தவன் வீட்டுக்கு மேலண்டையா?" என்று.

நான் படித்தவன். யோசித்துப் பார்த்தேன். முல்லா சொன்னதில் ஓட்டை இல்லை. சண்டை இருந்தால் அவன் ஷஹீது. சண்டை இல்லை, அதனால் அவன் ஷஹீது இல்லை. கிதாபை மாற்ற முடியாது. ஆகவே மாற்றக்கூடியது எது என்று பார்த்தேன். இதில் கொடூரம் எதுவும் இல்லை, தம்பி. இது கணக்கு.

ஆப்பிள் பழுக்கும் காலத்தில் இரண்டு காரியங்கள் கூடி வந்தன. பெஷாவரிலிருந்து, எங்கள் வீரத்தை மெச்சி, கட்சி ஒரு மோர்ட்டார் அனுப்பியது. ஜந்தாத் அதைப் புது மருமகனைப் போலக் கம்பளம் போர்த்தி வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒரு வாரம் அதை மில்லை நோக்கிப் பழக்கினார்கள். அதே சமயம் கேப்டன் என்னிடம் கையைப் பிசைந்தார். ரஷ்யக் கர்னல் ஒருவர் இரண்டு அதிகாரிகளோடு வரப்போகிறாராம்.

"கோட்டைக்குள்ள எப்படி வாத்தியார் சாகிப் சாப்பாடு போடறது? கக்கூஸ் நாத்தம் ஊரைத் தூக்குது. ஈ வேற."

"கீழ மில்லுல போடுங்க," என்றேன். "ஓடைத் தண்ணி, மல்பெரி நிழல். ரஷ்யாக்காரங்களுக்குத் தண்ணி ஓரம் உக்காந்து சாப்பிடறது பிடிக்குமாம்."

"அந்த நேரத்துல ஜந்தாத் ஆளுங்க..."

"எல்லாரும் ஆப்பிள் பெட்டி அடிக்கறாங்க. அன்னிக்குச் சண்டை வேணாம்னு நானே பேசிடறேன். போர்வையை மட்டும் போடுங்க, அவங்க வந்தாச்சுன்னு தெரிஞ்சுக்கறேன். நீங்க நிம்மதியா விருந்து போடுங்க."

அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். மகனைப் பறிகொடுத்தவன் தனக்கு இவ்வளவு உதவுகிறானே என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. விருந்துக்கு என்ன பழம் வைக்கலாம் என்றும் கேட்டார். திராட்சை வைக்கச் சொன்னேன். எங்கள் ஆப்பிளில் அந்த வருடம் புழு.

அந்த நாள் வந்தது. மதிலில் சிவப்புப் போர்வை ஏறியதும் நான் ஜந்தாதிடம் போனேன். அவர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆணியை வாயில் கவ்விக்கொண்டிருந்தார்.

"போர்வை போட்டாச்சு. இந்தத் தடவை பெரிய இடம். சத்தம் பலமா இருக்கணும்னு கேப்டன் கேக்கறார். புது மோர்ட்டாரை எடுங்க."

ஆணியை எடுத்துவிட்டுக் கேட்டார். "எங்க போடணும்? வழக்கமான இடம்தானே?"

"வழக்கமான இடம்தான்."

"நேரம்கூட இன்னும் ஆகல. தொழுகைக்கு முன்னாடியா?"

"விருந்தாளிங்க சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பிடுவாங்களாம். அதுக்குள்ள போட்டுருங்க."

பெட்டியடிக்கிறவர்களைச் சத்தம் போட்டு எழுப்பினார். "எழுந்திருங்கடா, சோம்பேறிகளா. இன்னிக்கு நல்லா சுட்டா கேப்டனுக்குப் பதக்கம். அதை நம்ம கழுதைக்கு வாங்கிக் குடுக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

மோர்ட்டார் இருந்த இடத்திலிருந்து மில் தெரியாது. மல்பெரி மரங்கள் மறைக்கும். இருந்தாலும் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இத்தனை வருடமாக ஒரே இடத்தைச் சுட்டு வந்தவர்கள் அவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். முதல் குண்டு ஓடையில் விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் கூரைக்குள் இறங்கின. எங்கள் பக்கம் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கீழே கேட்கிற சத்தம் வழக்கமான சத்தம் இல்லை என்று ஒவ்வொருவராக உணர்ந்து தட்டுவதை நிறுத்தினார்கள். ஜந்தாத் என்னைத் திரும்பிப் பார்த்தார். புத்திசாலி; புரிந்திருக்கும். பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ஆப்பிள் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

கர்னல், அவரோடு வந்த இருவர், கேப்டன் ரஸூல்தாத், பரிமாறிக்கொண்டிருந்த சினிமாக் கொட்டகைப் பையன்கள் நால்வர். நீங்கள் பத்திரிகையில் போட்டிருந்தது இதைவிடப் பத்து மடங்கு. பரவாயில்லை.

மறுநாள் ஹெலிகாப்டர்கள் வரும் என்று எனக்குத் தெரியும். ரஷ்யர்கள் கர்னலைச் சும்மா விடுகிறவர்கள் இல்லை. பக்தவராவை அவள் அண்ணன் ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, முன்கூட்டியே வீட்டுப் பெண்களை அனுப்பிவிட்டு நடத்தினால் அதுவும் ஏற்பாடு செய்த சண்டையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. முல்லா கமர் அதிலும் ஓட்டை கண்டுபிடிப்பார். ஆகவே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலையில் பக்தவரா ரொட்டியும் பாலும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, அவளுடைய பழைய பச்சை முக்காட்டை மடித்து எடுத்துக்கொண்டு கபரஸ்தானுக்குப் போனேன். எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. பரியாலை போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அவள் முகம் இளகிப் பார்த்தேன்.

"கழி நல்லா ஆழமா நடுங்க," என்றாள். "காத்துல சாஞ்சுரப் போகுது."

நட்டுக்கொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர்கள் வந்தன. கபரஸ்தான் ஊருக்கு அப்பால், சரிவுக்கு மறுபுறம். செத்தவர்கள் மேல் யாரும் குண்டு போடுவதில்லை. அங்கிருந்தே பார்த்தேன். ஜந்தாத் தன் வீட்டுக் கூரையில் மெஷின்கன்னோடு நின்று ஹெலிகாப்டரைச் சுட்டார். தொந்தியும் தானுமாய் நின்றார். அவ்வளவு துணிச்சல் தனக்குள் இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. இத்தனை வருடம் ஆளில்லாத மில்லைச் சுட்டுப் பழகிய கை. அன்றுதான் அதற்குச் சரியான குறி கிடைத்தது. ஒன்றை இறக்கிவிட்டுத்தான் செத்தார். உங்கள் அலுவலகத்துச் சுவரில் அவர் படம் மாட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். மாட்டியிருக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் இறங்கிப் போனேன். தோண்டுவதற்கு ஆள் போதவில்லை. தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டவளை அவள் குடத்தோடு கண்டெடுத்தோம். முல்லா கமரை நான்தான் குழிக்குள் இறக்கினேன். குளிப்பாட்டவில்லை. இந்த முறை கிதாபில் ஐயம் எதுவும் இல்லை. அவரே இருந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார். பக்தவராவையும் குளிப்பாட்டவில்லை. அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. அதையும் துடைக்கவில்லை.

கொடிக்குத் துணி போதாமல் சட்டைகளைக் கிழித்துக் கட்டினோம். இப்போது ஷின்தராவில் வீடுகளைவிடக் கொடிகள் அதிகம். நடுவில், கழி சற்று உயரமாக, என் மகனுடையது. காற்று அடிக்கும்போது எது எவனுடையது என்று சொல்ல முடியாது. யாரும் வந்து, இவன் வேறு விதமாகச் செத்தவன் ஆயிற்றே என்று கேட்க மாட்டார்கள். ஊரே ஒரு சண்டையில் செத்தது. அவன் கொஞ்சம் முன்னதாகச் செத்தான், அவ்வளவுதான்.

இது ஒப்புதல் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. முழுதும் சொல்வதாக ஒப்புக்கொண்டதால் சொல்கிறேன். என் மகன் செத்த அன்று நான் கோட்டைக்குக் கிளம்பும்போது அவன் வாசல் வரை கூட வந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"பாபா, பாறைக்கு மேற்கால குளவி கூடு கட்டியிருக்கு. நேத்தே ஒண்ணு கொட்டிருச்சு. இன்னிக்கு நான் கிழக்கால நிக்கறேன். மறக்காம மெஷின்கன்காரன்கிட்ட சொல்லிருங்க, மேற்கால சுடச் சொல்லி. கவிதை பேச உக்காந்துராதீங்க."

"சரிடா," என்றேன்.

ஆய்வாளர் அந்த இரண்டாவது வரியை மறுபடியும் சொல்லும்படி கேட்டார்.

கேப்டன் ஆட்டோடு வந்த அன்று, அழுகைக்கு நடுவே, அவன் ஏன் பக்கம் மாறி நின்றான் என்று என்னிடம் கேட்டார். சின்னப்பிள்ளை விளையாட்டு என்றேன். பக்தவரா வாசலில் அவன் பேசியதைக் கேட்டிருந்தாள். "சொன்னீங்கதானே?" என்று ஒருமுறை கேட்டாள். சொன்னேன், அந்த மெஷின்கன் பையன் கவனிக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கொடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். கேட்ட இருவரும் இன்று இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

போரில் ஒரு செய்தி போய்ச் சேராமல் எத்தனையோ பேர் சாகிறார்கள். அதற்கு யாரையும் குற்றம் சொல்வது வழக்கமில்லை. ஷின்தராவில் நடந்தது போர்தான் என்று நீங்களே அச்சில் போட்டிருக்கிறீர்கள், தம்பி. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.